ராஜாவின் அங்கி முடிச்சு

குவாலியரில் இருக்கும் அம்மாவின் பாதம் தொட்டு, ஆக்ராவிலிருந்து கேதார் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் தேவலையா? பாதுஷாவின் சித்திரச்சாலையே என் தூரிகையை நம்பித்தான் ஓடுகிறது என்று அண்ணன் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ராஜா கிருபால் சிங்கின் படத்தை முடித்தால் தீபாவளிக்கு ஊருக்குப் போகலாம் என்று தலைமை ஓவியர் மீர் நசீர் சொல்லியிருந்தார். பழைய படத்தின் கோடுகள் வழியே ஓட்டை குத்திய மான்தோலைப் புதுத் தாள்மேல் வைத்துக் கரித்தூள் தட்டி, படியெடுத்தேன். அவசரத்தில் தோலைப் புரட்டி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. நம்மவர் இடப்பக்கம் கட்டும் அங்கி முடிச்சு, முசல்மான்கள் கட்டுகிற வலப்பக்கம் போய்விட்டது. தங்கம் பூசி முடித்த பிறகும் எவர் கண்ணிலும் படவில்லை, அவ்வளவு அழகு!

ராஜாதான் பார்த்தார். “என்ன மீர் சாகிப், நான் எப்ப உங்க ஆளா மாறினேன்? எனக்கே யாரும் சொல்லலையே!”

மீர் சாகிப் என்னை முறைத்தார். “பாவி, கண்ணை எங்கடா வச்சிருந்த?”

“திட்டாதீங்க. இவனை எங்கூட தக்காணத்துப் படைக்கு அனுப்புங்க. நான் எந்தப் பக்கம் முடிச்சுப் போடறேன்னு தினம் பக்கத்துல நின்னு பாக்கட்டும்” என்றார் ராஜா.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இது பரிசா தண்டனையா என்று இன்னும் விளங்கவில்லை. பரிசு என்றே ஊரில் சொல்லுங்கள்.

படை குவாலியர் வழியாகத்தான் போகிறதாம். அங்கே நிற்குமா என்று கேட்டால், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கம்பளியும் மாங்காய் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு சாலையோரம் வந்து நில்லுங்கள், அம்மா. படை நிற்காவிட்டால் கையை மட்டும் ஆட்டுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதம் கொண்டுவரும் தபால் ஒட்டகம் கிளம்புகிறது.

உங்கள் மகன்,
கேதார்