சங்கு ஊதும் நேரத்து மாத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹைதராபாத்தில் நான் நலம். தேவாலாவில் மழை விட்டதா? அம்மாவின் முழங்கால் தேவலையா?

"ஒடம்பு நல்லாத்தானே இருக்கு, மாத்திரை எதுக்கு புள்ள?" என்று போனில் கேட்டீர்கள். உங்கள் ஈரலில் காமாலை வைரஸ் இன்னும் இருக்கிறது; அது பெருகாமல் தடுப்பது அந்த மாத்திரைதான். அதைக் கொல்லும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை, ஈரல் சேதமாகக் கூடாதென்று உடம்பே ஒரு செய்தி அனுப்பி அடக்கி வைத்திருக்கிறது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து மிச்சமிருந்தாலும் ஃபேக்டரி சங்கு ஊதினால் எல்லோரும் மலையிறங்குவதைப் போல.

நேற்று ஆய்வகத்தில் எலியின் டி செல்களுக்கு அந்தச் செய்தி போகாமல் தடுத்தேன். அடங்கிக் கிடந்தவை மறுபடி வேலை செய்தன. நான் துள்ளியதைப் பார்த்து, "என்ன, லாட்டரி விழுந்துச்சா?" என்று கூட வேலை செய்யும் தோழி சிரித்தாள். அவளிடம் உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. இது மருந்தாக வருடங்கள் ஆகும். அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நம் தேயிலைத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். சாயங்காலச் சங்கு ஊதும்போதே என்னைப் போனில் கூப்பிட்டு மாத்திரையைப் போடுங்கள். சங்கு எனக்கும் கேட்கும்.

மகள்,
ராஜகுமாரி