கண் சிவந்த காரணம்

இயேசு மரி சூசை துணை

தங்கச்சிமடம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஜெப்சி அப்பாவுக்கு ஜோதிமேரி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் லாஞ்சில் உங்களோடு இருக்கிறவர்களும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் எனக்குக் கத்தித்தான் பழக்கம். இது கத்திச் சொல்கிற விஷயம் இல்லை. அதனால் லீவு முடிந்து பஹ்ரைனில் உங்கள் லாஞ்சுக்கே திரும்பும் ரூபஸ் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் குடிக்கவில்லை. எனக்கு இப்போது தெரியும். இதை முதலிலேயே எழுதிவிட்டால்தான் மற்றதை எழுதக் கை வரும்.

ஜெப்சிக்குக் கண் சரியில்லாமல் இருந்தது உங்களுக்குத் தெரியாது. முதலில் தூசி என்று நினைத்து நான் சொல்லவில்லை. அப்புறம் ஐந்து வாரமாக உங்கள் போனை எடுக்கவும் இல்லை, அவளை எடுக்க விடவும் இல்லையே. இரண்டு மாதமாகவே காலையில் எழுந்தால் அவளுக்கு இமை ஒட்டிக்கொண்டிருக்கும். “கண்ணுக்குள்ள மணலு கெடக்கும்மா” என்று கசக்கிக்கொண்டே இருப்பாள். இமை ஓரமெல்லாம் சிவந்து, முடிக்காலில் தவிடு ஒட்டினாற்போல் இருந்தது. மாதம் ஒரு கண்கட்டி வேறு. பள்ளிக்கூடத்தில் ஒட்டுகிற கண்நோய் என்று பயந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் சும்மா இருந்தேனா? ஓரியூரில் புனித அருளானந்தர் ரத்தம் சிந்திய இடத்திலிருந்து கொண்டுவந்த செம்மண்ணைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, அவரை வேண்டிக்கொண்டு, தினமும் இரவில் இமையில் தடவிவிட்டேன். கண் இன்னும் வீங்கியது. அதற்குமேல் பொறுக்காமல் ராமநாதபுரத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா மிஷினில் மோவாயை வைக்கச் சொல்லிப் பார்த்தார். இமை ஓரத்தில் வரிசையாகப் பொடிப்பொடியான எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்குமாம். அதில் எண்ணெய் கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டால் இப்படி ஆகுமாம். தலையில் பொடுகு இருந்தாலும், கிருமி சேர்ந்தாலும் கூடிக்கொள்ளுமாம். மற்றவர்களுக்கு ஒட்டாது, பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்றார். செம்மண் சங்கதியைச் சொன்னதும் தலையைப் பிடித்துக்கொண்டார். “நெத்தியில பூசும்மா, நான் வேண்டாங்கல. கண்ணுல பூசாத” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம்தான் கேட்டார், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று. இல்லை என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, உங்கள் மகள் முந்திக்கொண்டாள். “எங்கப்பாவுக்கு இருக்கு. போன்ல பாத்துருக்கேன். அதுக்குத்தான் அம்மா அப்பாவ ஏசுறாங்க” என்றாள்.

என் போனில் இருந்த உங்கள் படத்தைக் காட்டினேன். நீங்கள் கடைசியாக அனுப்பியது, இரண்டு கண்ணும் சிவந்து இமை தடித்துப் போயிருக்குமே, அதுதான். டாக்டரம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பொடுகு உண்டா, முகத்தில் எண்ணெய் வடியுமா, வெயில் பட்டால் கன்னம் சிவக்குமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது, ஆனாலும் இதே இமை அழற்சியாகத்தான் இருக்க வேண்டும் என்றார். குடித்தால் இப்படி ஆகுமா என்று கூச்சத்தை விட்டுக் கேட்டேன். “ஒம்பது வயசுப் பிள்ளையும் குடிச்சுத்தான் வந்துருக்காம்மா?” என்று திருப்பிக் கேட்டார்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். ஓரியூரில் முழந்தாளிட்டு இனித் தொடமாட்டேன் என்று பொருத்தனை வைத்த மனிதரை, கண் அரிக்கிறது என்று எத்தனை தடவை சொல்லியும் நம்பாமல், பொய்யன் என்று ஏசினேன். உங்கள் தம்பியிடம் சொன்னேன், பங்குச்சாமியிடமும் சொன்னேன். இப்போது அவர்கள் இரண்டு பேரிடமும் போய் நான்தான் தப்பு என்று சொல்லிவிட்டேன். “எங்கிட்டச் சொன்னது போதும், அவர்ட்ட சொல்லும்மா” என்றார் சாமி.

ஆனாலும் உங்கள் போனை எடுக்க முகம் இல்லை, பயமும் போகவில்லை. நான் ஏசிய ஏச்சில் நிஜமாகவே தொட்டிருப்பீர்களோ என்று தூக்கம் இல்லை. போன வாரம் ரூபஸ் அண்ணன் லீவில் வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். “குடியா? நீ பேசாமப் போனதுலருந்து அவன் டீயக்கூடப் பாதியில வச்சிர்றான் தங்கச்சி” என்றார். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

கடல் தண்ணீரில் கண்ணைக் கழுவுகிறீர்களாமே. உப்பு எல்லாவற்றையும் ஆற்றும் என்று யார் சொன்னது? நான் மண்ணைப் பூசினேன், நீங்கள் உப்புத் தண்ணீரை ஊற்றினீர்கள், நல்ல ஜோடிதான். இனி வேண்டாம். ரூபஸ் அண்ணனிடம் வெள்ளைத் துணி ஆறும், பஞ்சும், குழந்தைகளுக்குப் போடும் ஷாம்புவும் கொடுத்திருக்கிறேன். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சூடு பொறுக்கிற அளவில், மூடிய கண்மேல் பத்து நிமிஷம் வையுங்கள். பிறகு விரலால் இமையை மெல்ல நீவிவிடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, பஞ்சில் தொட்டு முடிக்காலைத் துடையுங்கள். காலையிலும் இரவிலும் செய்ய வேண்டும், ஒருவர் துணியை மற்றவர் தொடக் கூடாது. ஜெப்சியின் களிம்பைக் கேட்டேன், ஆளைப் பார்க்காமல் தரக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கரையேறியதும் அங்கே டாக்டரைப் பாருங்கள்.

இது ஒரேயடியாகப் போகிற நோய் இல்லையாம். தினமும் கவனித்தால் அடங்கிக் கிடக்கும், விட்டால் திரும்ப வருமாம். பல் தேய்க்கிற மாதிரி நினைத்துக்கொள் என்றார். ஜெப்சிக்கு மூன்றே வாரத்தில் சிவப்பு வடிந்துவிட்டது. இப்போது அவளே மணி பார்த்துத் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் பிள்ளையும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என்னோடு பேச மனம் வராவிட்டால் பேச வேண்டாம், முகத்தை மட்டும் காட்டுங்கள். கண் எவ்வளவு சிவந்திருந்தாலும் வேறு ஒன்றும் கேட்க மாட்டேன், வெந்நீர் வைத்தீர்களா என்று மட்டும்தான் கேட்பேன்.

மாதா உங்களுக்குத் துணை இருப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் ஜோதிமேரி