பதினொரு மணிக்குத் திறக்கும் கோப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி இப்போது தேவலையா? எனக்கு இருமல் விட்டுவிட்டது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் கோப்புகளை இணையத்தில் சேமித்து, பலர் சேர்ந்து எழுதுவதற்குப் புது வசதியைத் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு. பழையதை மூடப்போகிறோம். யாரும் தொடாத கோப்புகளைக் கழிக்கும்போது, போன வருடம் இறந்த ஒரு பேராசிரியரின் முடியாத கட்டுரை தினமும் காலை பதினொரு மணிக்குத் திறக்கப்படுவதைக் கண்டேன். அதில் எழுத்துப் பிழைகளும் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டிருந்தன. எல்லாம் அவர் வீட்டுக் கணினியிலிருந்துதான்.

போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார்.

"நான்தாம்மா திறக்கறேன். அவர் எழுதினதைப் பார்த்துட்டு மூடிடுவேன். வீட்ல வேற யாரு இருக்கா?"

"பிழையெல்லாம் நீங்கதான் திருத்தறீங்களா?"

"எனக்கு டைப் அடிக்கவே வராதேம்மா."

பிறகு மெதுவாக, "அதை அழிச்சிடாதீங்க" என்றார்.

பழைய திருத்தங்களோடு கோப்பை அப்படியே கொண்டுபோகும் வசதியையே தேர்ந்தெடுத்தேன், மேலாளரும் ஒப்புக்கொண்டார். புது இடத்திலும் நேற்று ஒரு காற்புள்ளி நகர்ந்திருந்தது.

பயப்பட ஒன்றுமில்லை, அம்மா. என் நீலப் போர்வையை அனுப்புங்கள். மருந்துச்சீட்டின் பின்பக்கமானாலும் சரி, உங்கள் கையால் நாலு வரி எழுதி உள்ளே வையுங்கள்.

பேருந்து வந்துவிடும், முடிக்கிறேன். இப்போதெல்லாம் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மதியம் சாப்பிடுகிறேன். கூட ஒருவர் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

உங்கள் மகள்