வாசனையில்லாத தாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் நலம். வழக்கமாக அம்மாவும் நலம் என்று சேர்த்து எழுதுவேன், இந்தத் தடவை அதற்குக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமையோடு பத்திரிகை அலுவலகத்தில் என் வேலை முடிந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் பாதி, எங்கள் படங்களையும் கார்ட்டூன்களையும் மற்றவர்கள் போட்டுக்கொள்ள அனுமதிக் கடிதம் எழுதியதில் போனது, மீதி, அச்சில் புதுசு பண்ணுகிறேன் என்று மையோடு மல்லுக்கட்டியதில் போனது. சோப்பு விளம்பரத்தைத் தேய்த்தால் ரோஜா மணக்கும்படி ஒரு மை செய்தோமே, நினைவிருக்கிறதா, அந்த முறைக்கான உரிமத்தை உன் ஊர்ப் பத்திரிகை உட்பட ஒன்பது பத்திரிகைகளுக்குக் கொடுத்தவன் நான்தான். ஆனால் மணக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னவள் உன் அம்மா. மாதிரித் தாள் ஒன்றும் வெறும் தாள் ஒன்றும் நீட்டுவேன், கண்ணை மூடி முகர்ந்து, "இது உங்க சரக்கு, இது சும்மா" என்று நொடியில் பிரித்துவிடுவாள். அவள் தலையாட்டாமல் எந்தத் தாளும் மெஷின் ஏறியதில்லை. அலுவலகத்தில் அவளுக்கு மூக்கு மேனேஜர் என்றே பெயர்.

போன வருஷம் காப்பி வாசனைக்கு மாதிரி கொண்டுவந்தபோது வெறும் தாளை எடுத்து, "இதுதான் நல்லாருக்கு" என்றாள். கேலி பண்ணுகிறாள் என்று சிரித்தேன். அடுத்த தடவையும் அப்படியே சொன்னதும் மைதான் சரியில்லை என்று அச்சுக்கூட ஃபோர்மேனோடு சண்டைக்குப் போனேன், பாவம் அந்த மனுஷர், மையில் வாசனையை இரண்டு மடங்காக்கினார். மையைச் சந்தேகப்பட்டேனே தவிர அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பில் பால் கருகி வீடெல்லாம் புகையாகியும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். மறதி நோய் என்றார், சிலருக்கு முதலில் மூக்குதான் மங்குமாம், "முன்னாடி ஏதாவது கவனிச்சீங்களா" என்று கேட்டார். அவள் வெறும் தாளை எடுத்ததைச் சொன்னேன். அதை அப்போதே கவனிக்காதது என் தப்பு. உன்னிடம் மறைத்ததும் என் தப்புதான் மகளே, அம்மா தூங்குகிறாள் என்று நான் போனில் சொன்ன நாளெல்லாம் அவள் தூங்கவில்லை, உன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஃபோர்மேன் ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று மணக்கும் தாள் ஒன்றும் வெறும் தாள் ஒன்றும் உறையிலிட்டுக் கொடுத்தார். பழக்கம் விடுமா, வீட்டில் அதைப் பிரித்ததும் அம்மா தானாகக் கண்ணை மூடிக்கொண்டாள். வெறும் தாளை எடுத்து ரொம்ப நேரம் மூக்கருகே வைத்திருந்தாள். என்ன வாசனை என்று கேட்டேன். "பாப்பா தலை வாசனை. குளிப்பாட்டிட்டீங்களா, எங்க அவ" என்றாள். வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தாள் இப்போது அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

வருஷக் கடைசியில்தான் லீவு என்றாய், அதுவரை தள்ளிப்போடாதே, நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதே. பயணத்தில் பட்டினி கிடக்காதே. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதற்குமேல் எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே, வந்ததும் நான் யார் சொல்லு பார்க்கலாம் என்று அவளைக் கேட்காதே. ஒன்றும் பேசாமல் அவள் மடியில் தலையை வைத்துக்கொள்.

அம்மாவுக்கும் சேர்த்துக் கையெழுத்திடும்,
உன் அப்பா