மாட்டுக்கொம்பு நீலத்துக்கு அடியில்

எங்கே இருந்தாலும் சிரித்த முகமாகவே இருக்கும் என் ருக்குமணிக்கு,

இதை நானேதான் எழுதுகிறேன், நம்பு. ஒரு வரி முடிவதற்குள் ஒரு வெற்றிலை தீர்ந்துவிடுகிறது.

உன் தையல் மிஷினை இப்போது மருமகள் தேவி மிதிக்கிறாள். அதை மூடுகிற மரப்பெட்டியைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். ஒரு மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்து மீந்த நீல பெயிண்டை அதன்மேல் முழுக்கப் பூசி வைத்தேனே, நினைவிருக்கிறதா? கம்பைநல்லூர் சந்தையிலிருந்து வந்த நீ அதன் முன்னால் வெகுநேரம் நின்றாய்.

"நல்லாத்தான் இருக்குங்க. மிஷினுக்கும் நாலு காலு இருக்குதுன்னு மாடுன்னே நெனச்சிட்டீங்களா?" என்று சிரித்தாய். உன் கண் கலங்கியதைப் பெயிண்ட் நெடி என்று எடுத்துக்கொண்டேன்.

நான் நீலம் பூசுவதற்கு முன்பே, பெட்டியின் முகப்பில் மஞ்சளில் நீ எதையோ தீட்டியிருந்தாய். கொடியும் பூவும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீ கண்ணை மூடிய பிறகு, எழுதப் படிக்க முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். போன மாதம் டீச்சர் பலகையில் 'ஞ' எழுதினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அது அந்தப் பெட்டியில் இருந்த முதல் பூ!

மிஷினை உனக்குச் சீராகக் கொடுத்தது உன் அம்மா ஞானம்மா. அவர் பெயரையா நான் மாட்டு பெயிண்டால் மூடினேன்?

பத்து நாள் சோறு இறங்கவில்லை. தேவியிடம் சொன்னேன். "சுரண்டிப் பாத்துடலாம் மாமா" என்று கத்தியை எடுத்தாள். பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடத்தூர் பஸ் ஏறினேன். "என்னாங்க பெரியவரே, உள்ள சேவலா?" என்றார் கண்டக்டர்.

கடத்தூர் ஆசாரி நகத்தால் ஓரத்தைக் கீறினார். நீலம் வெங்காயத் தோலாக உரிந்தது.

"உங்க வூட்டம்மா வாராவாரம் எண்ணெத் துணியில தொடச்சிருக்காங்க. எண்ணெ மேல பெயிண்டு எங்க புடிக்கும்? கத்தி வேணாங்க. வெந்நித் துணி, மூங்கில் குச்சி, பொறுமை, அவ்ளோதான்."

"மொத ரெண்டும் வூட்டுல இருக்குதுங்க" என்றேன்.

மூன்று நாள் உரித்தேன். 'ஞா' வந்தது. அடுத்தது 'ன' தான் என்று கண்ணை மூடிக்கொண்டு துடைத்தேன். திறந்தால் 'யி'. அப்புறம் 'று'. முழுக்க வெளியே வந்ததும் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன்: "ஞாயிறு தையல் கிடையாது."

தேவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். உன் அம்மாவின் பெயர் இல்லை! அன்று இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் ருக்கு, ஞாயிற்றுக்கிழமை மூடி போட்டிருந்தால் தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போவார்கள். நான் பூசிய பிறகுதானே, "ஜாக்கெட்டுக்கு ஒரு ஊக்கு மட்டுந்தான்க்கா" என்று ஞாயிறும் வர ஆரம்பித்தார்கள்? நீ ஏன் மறுபடி எழுதவில்லை? எனக்கு மனம் நோகும் என்றா? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே.

மஞ்சள் மங்கிய இடங்களை நான் தொடவில்லை. மரத்துக்கு மட்டும் எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். தேன் நிறத்தில் மினுங்குகிறது. கைப்பிடித் துருவும் போயிற்று.

இனி ஞாயிறு காலையில் தேவியின் மிஷினுக்கு நானே மூடியைப் போடுவேன். அதையும் மீறிக் கூப்பிடுகிறவர்களுக்கு வாசலில் நின்று நானே படித்துக் காட்டுவேன். சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
மாரப்பன்