ராஜாவுக்கு ஊதிய எக்காளம்

அங்கோலா, 1892 அக்டோபர்

அம்மா, உங்கள் ஆசியைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? தங்கை எர்மெலிந்தா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை. காய்ச்சல் வரும், போகும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். போன மாதம் ராஜாவின் பிறந்தநாளன்று கேப்டன் என்னிடம் ஓர் எக்காளத்தை நீட்டினார். "ஏய் குடியரசுக்காரா, போர்ட்டோவுல ராஜாவைக் கவுக்க ஊதிக்கிட்டே போனியே, இப்ப அவருக்கே ஊது பாப்போம்!" ஊதினேன். முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டதால் வெறும் காற்றுதான் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

என்னோடு நாடுகடத்தப்பட்ட டிரம்காரன் கௌதென்சியோ மட்டும் சிரிக்கவில்லை. "பேண்டு வாசிச்சுக்கிட்டே கலகத்துக்குப் போன பட்டாளம் நம்மதாண்டா, பெல்மிரோ. திருவிழான்னு நெனச்சு ஜனமும் பின்னாடியே வந்துச்சு. தெரு உச்சியில நின்ன காவல்படை சுட்டுத் தள்ளிருச்சு" என்றான். மறுவாரம் அவன் காய்ச்சலில் போய்விட்டான். அவன் அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் காய்ச்சலுக்குக் கொஞ்சம் கொய்னாத் தூளும் உலர்ந்த அத்திப்பழமும் அனுப்புங்கள். எனக்கு மன்னிப்புக் கேட்டு யார் வாசலிலும் போய் நிற்காதீர்கள்.

தபால் கப்பல் கிளம்பப்போகிறது, இன்னும் ஒன்றே ஒன்று. கிறிஸ்துமஸ் இரவு சாப்பிட்டு முடித்ததும், செத்துப்போன நம்மவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று மேசையை அப்படியே விட்டுவைப்பீர்களே, அதில் எனக்கும் ஒரு தட்டு வையுங்கள். உயிரோடு இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் மகன்,
பெல்மிரோ