திருப்பிப் போட்ட வேலி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் காலையில் கொஞ்சம் அடம் பிடிக்கிறது, பத்து மணிக்கு மேல் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியம்தானே? குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாகச் சொன்னாய். வாயைத் திறந்து சிரிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் “அதெல்லாம் சரிம்மா” என்று நீ வேறொன்றைத் தொடங்கிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

பின்பக்க மரவேலி காற்றில் சாய்ந்த கதை உனக்குத் தெரியும். வேலி போடும் கம்பெனிக்காரர் வந்தார். பூட்ஸ் காலால் அடியில் நாலு உதை உதைத்தார். மொத்தமும் மக்கிவிட்டது, பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்று ஒரு தொகையை எழுதி நீட்டினார். ஒரு பேண்ட்டுக்கு அடி மடித்துத் தைத்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் என் கணக்கு. அந்தக் கணக்கில் ஆயிரத்து நானூறு பேண்ட். பக்கத்து வீட்டுக்காரியும் நானும் ஆளுக்குப் பாதி என்றாலும் எழுநூறு.

அதை உன்னிடம் சொன்னது என் தப்பு. மறுவாரமே மாப்பிள்ளை வீட்டை விற்பதற்கான படிவத்தை அனுப்பிவிட்டார், நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்து. வேலிக்கே இவ்வளவு என்றால் நாளைக்குக் கூரை, மறுநாள் குழாய், தனியாக எதற்கு இந்த அவஸ்தை, எங்களோடு வந்துவிடு என்றாய். அன்பில்தான் சொன்னாய். மாப்பிள்ளையும் தங்கமான மனிதர். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் பயந்துபோனேன். எனக்கென்று நீ காட்டிய அந்த அறையில் கட்டிலைப் போட்டால் தையல் மிஷினுக்கு இடமில்லை. “இனிமே மிஷின் எதுக்கும்மா” என்று நீ கேட்டாய். அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு வாத்தியார் காலர் நைந்துபோன சட்டை கொண்டுவந்தார். மற்றபடி சட்டைக்கு ஒரு குறையும் இல்லை. வழக்கம்போலக் காலரைப் பிரித்து, நைந்த பக்கத்தை அடியில் விட்டுத் திருப்பித் தைத்தேன். நூலை வெட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தரிக்கோலும் கையுமாகப் பின்பக்கம் போனேன். பலகை பலகையாக முனையால் குத்திப் பார்த்தேன். எழுபத்திரண்டு பலகை. மண்ணை ஒட்டிய ஒரு சாண் மட்டும் கேக் மாதிரி உள்ளே போனது. அதற்கு மேலே குத்தினால் கத்தரிதான் மழுங்கியது. கம்பெனிக்காரர் உதைத்த இடம் மட்டும்தான் கெட்டிருந்தது. மேலே அவர் தொட்டே பார்க்கவில்லை.

நேரே பக்கத்து வீட்டு ஹாரனிடம் போனேன். நீ சின்ன வயதில் வைத்த பெயர்தான், இன்னும் பள்ளிக்கூட பஸ்தான் ஓட்டுகிறாள், குரலும் குறையவில்லை. நான் வீட்டை விற்கப்போகிறேன் என்று கேள்விப்பட்டு நாலைந்து நாளாக முகம் கொடுத்துப் பேசாதவள், விஷயத்தைச் சொன்னதும் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தச்சரை ஒரே ஒரு நாள் கூப்பிட்டு, மக்கிய ஏழு கம்பங்களை மட்டும் மாற்றி சிமெண்டு போட்டோம். மற்றதெல்லாம் நாங்களே செய்தோம். ஆணியைப் பிடுங்கி, கெட்டுப்போன ஒரு சாண் அளவை அறுத்து எறிந்து, பலகையைத் தலைகீழாகத் திருப்பி அடித்தோம். வெட்டிய பக்கம் மேலே, கெடாத பக்கம் கீழே, மண்ணிலிருந்து நாலு விரல் தள்ளி.

உன் அப்பா அடித்த ஆணியில் ஒன்றாவது நேராக இருக்க வேண்டுமே! பிடுங்கப் பிடுங்க அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆறு வருஷமாகத் திட்ட ஆளில்லாமல் இருந்தவளுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கூத்தும் நடந்தது. அளவெடுத்தவள் நான். முதல் எட்டுப் பலகைக்கும் கைப்பழக்கத்தில், மடிப்பதற்கு என்று ஒரு அங்குலம் விட்டே கோடு போட்டிருக்கிறேன். அடித்து முடித்துப் பார்த்தால் எட்டும் மற்றதைவிடத் தலைதூக்கி நிற்கின்றன. ஹாரன் சிரித்த சிரிப்பில் தெருமுனை நாய் குரைத்தது. மரத்தையும் மடித்துத் தைக்கப் போகிறாயா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதை அறுக்க நான் விடவில்லை, அப்படியே இருக்கட்டும்.

வேலி இப்போது எட்டு விரல் குட்டை. முன்பெல்லாம் அவள் குரல் மட்டும்தான் இந்தப் பக்கம் வரும், இப்போது முகமும் வருகிறது. காலையில் பஸ் எடுக்கப் போகும்முன் எட்டிப் பார்த்து, “என்ன, உசிரோட இருக்கியா?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள். நான் பதில் சொல்லும்வரை நகர்வதில்லை. உன் கவலையில் பாதியாவது இதில் குறையட்டும்.

செலவுக்கு வருகிறேன். கம்பம், சிமெண்டு, ஆணி, பெயிண்ட், தச்சர் கூலி எல்லாம் சேர்த்து நூற்று முப்பது பேண்ட். என் பங்கு அறுபத்தைந்து. அதில் நாற்பதைத் தைத்தே கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எனக்கு எழுது. போன வாரம் கம்பெனிக்காரர், என்ன முடிவு பண்ணினீர்கள் என்று கேட்டு வந்தார். பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். கம்பத்தை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. யார் போட்டது என்றார். டெய்லர் என்றேன்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். வீட்டில் வேறு பெரிய காகிதம் இல்லாததால் அதன் பின்பக்கத்தில்தான் வேலியை வரைந்து அளவு குறித்தோம். முன்பக்கம் மாப்பிள்ளை வைத்த புள்ளி வைத்தபடியே இருக்கிறது. பின்பக்கம், அளவுகளுக்குக் கீழே, நானும் ஹாரனும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குட்டிக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எல்லோரும் கிளம்பி வாருங்கள். என்னை அழைத்துப் போக வராதே, கண்ணு. பார்க்க வா.

இப்படிக்கு,
மிஷினும் கையுமாக இருக்கும்
உன் அம்மா